இணையம் இல்லாத இடத்திலும் பக்கத்தைத் திறந்து படிப்பது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் ஊர்ச் சனசமூக நிலையத்தில், பத்திரிகை மேசைக்குப் பக்கத்தில், ஒரு பழைய லப்டொப் இருக்கிறது. பின்னேரங்களில் நான்தான் அதைப் பார்த்துக்கொள்கிறேன். வருகிறவர்கள் பெரும்பாலும் கேட்பது ஒன்றைத்தான்: இந்தப் பக்கத்தை எப்படி எடுத்து வைப்பது, டேட்டா இல்லாத இடத்தில் எப்படித் திறப்பது? ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொன்னதை இங்கே ஒன்றாக எழுதுகிறேன். உயர்தரப் பிள்ளைகள் கேட்டது, ரீச்சர்மார் கேட்டது, வெளிநாட்டிலிருந்து வந்து நிற்பவர்கள் கேட்டது எல்லாம் கலந்துதான் இருக்கிறது.

எங்கே போனாலும் 4ஜி இருக்கிறதே, பக்கத்தைச் சேமித்து வைக்க என்ன தேவை?

யாழ்ப்பாண நகருக்குள்ளேயே இருப்பவருக்கு அப்படித்தான் தோன்றும். குறிகட்டுவான் இறங்குதுறையில் நெடுந்தீவுப் படகில் ஏறிப் பாருங்கள். ஏறத்தாழ ஒரு மணி நேரக் கடல், கரையை விட்டு விலகினால் சிக்னல் வருவதும் போவதுமாகிவிடும். கொழும்புக்கு ரயிலில் போகிறவர்களுக்கு வன்னிக் காட்டுப் பகுதி தெரியும். பாதியில் நின்ற பக்கம் அடுத்த ஸ்டேஷன் வரும்வரை அப்படியே நிற்கும். 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் வரை கரண்ட் வெட்டினார்களே, அதை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். வீட்டில் கரண்ட் போனால் ரவுட்டர் நின்றுவிடும், கோபுரத்தின் பற்றரி தீர்ந்தால் போனிலும் ஒன்றும் வராது.

ஆனால் இவற்றைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. பக்கங்கள் அழிகின்றன. பதினைந்து வருடத்துக்கு முன்னர் நாங்கள் தினமும் வாசித்த எத்தனையோ ஈழத்துத் தளங்கள் இன்றைக்கு இல்லை. நடத்தியவர் டொமைனுக்கு, அதாவது தளத்தின் முகவரிப் பெயருக்கு, காசு கட்டாமல் விட்டிருப்பார், அல்லது தளத்தைப் புதுப்பித்தபோது பழைய முகவரிகள் எல்லாம் உடைந்திருக்கும். இன்று வாசித்தது நாளைக்கு இருக்கும் என்று நம்பி விட்டுவிடாதீர்கள். தேவையானதை இன்றைக்கே எடுத்து வையுங்கள்.

புக்மார்க் செய்து வைத்திருக்கிறேன், அது போதாதா?

போதாது. புக்மார்க் என்பது முகவரி மட்டும்தான். வீட்டு முகவரியை எழுதி வைத்தால் வீடு உங்கள் கைக்கு வந்துவிடாது. வாட்ஸப்பில் உங்களுக்கு நீங்களே அனுப்பி வைக்கும் லிங்கும் இதே கதைதான்.

பக்கத்தை மூடாமல் டேபிலேயே விட்டிருக்கிறேன். அப்படியே படிக்கலாம்தானே?

சில நேரம் முடியும், நம்ப முடியாது. போனில் மெமரி குறையும்போது பின்னால் கிடக்கும் டேப்களை அது தானாகவே விட்டுவிடும். நீங்கள் திரும்பி அந்த டேபைத் தொட்டதும் பக்கத்தை மறுபடி இறக்கப் பார்க்கும், இணைப்பு இல்லையென்றால் வெறும் பிழைச் செய்தி வரும். வாட்ஸப்புக்குப் போய் இரண்டு வீடியோ பார்த்துவிட்டு வந்தாலே இப்படி நடந்துவிடும்.

கம்பியூட்டரில் எப்படிச் சேமிப்பது?

குரோம், எட்ஜ், பயர்பொக்ஸ் எதுவானாலும் கன்ட்ரோல் விசையோடு எஸ் எழுத்தை அழுத்துங்கள். சேமிக்கும் பெட்டி திறக்கும். அங்கே கீழே ‘சேவ் அஸ் டைப்’ என்று ஒரு வரி இருக்கும், அதைத்தான் பெரும்பாலானோர் பார்ப்பதே இல்லை. குரோமிலும் எட்ஜிலும் அதில் மூன்று வகை வரும்.

எச்டிஎம்எல் என்பது இணையப் பக்கங்கள் எழுதப்படும் கோப்பு வகை. ‘எச்டிஎம்எல் ஒன்லி’ என்றால் எழுத்து மட்டும், படங்கள் வராது. கவிதை, கட்டுரை, சமையல் குறிப்பு போன்றவற்றுக்கு இதுவே போதும், அளவும் மிகச் சிறியது. ‘கம்ப்ளீட்’ என்றால் ஒரு எச்டிஎம்எல் கோப்பும், அதே பெயரின் பின்னால் ‘பைல்ஸ்’ என்று முடியும் ஒரு போல்டரும் வரும். படங்கள், அலங்காரம் எல்லாம் அந்தப் போல்டருக்குள்தான் இருக்கும். ‘சிங்கிள் பைல்’ என்றால் எல்லாவற்றையும் ஒரே கோப்புக்குள் அடைத்துத் தரும், அதன் முடிவில் எம்எச்டிஎம்எல் என்று இருக்கும்.

யாராவது என்னிடம் ஒன்றை மட்டும் சொல்லுங்கள் என்றால், குரோமில் ‘சிங்கிள் பைல்’ என்றுதான் சொல்வேன். காரணம் அடுத்த பதிலில்.

பென்டிரைவில் கொண்டுபோனேன், எழுத்து மட்டும் வருகிறது, படங்கள் வரவில்லை. ஏன்?

இது எனக்கே நடந்ததால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். நெடுந்தீவில் ஒரு கிழமை உயர்தரப் பிள்ளைகளுக்கு உயிரியல் படிப்பிக்கப் போனேன். போவதற்கு முதல் நாள் இரவு பதினான்கு பக்கங்களைக் ‘கம்ப்ளீட்’ வகையில் சேமித்தேன். அந்த எச்டிஎம்எல் கோப்புகளை எனக்கு நானே வாட்ஸப்பில் அனுப்பிக் கொண்டேன், போல்டர்களைக் கவனிக்கவில்லை. அடுத்த நாள் வகுப்பில் திறந்தால், ‘படம் 3: இதயத்தின் நெடுக்குவெட்டுமுகம்’ என்ற வரி இருக்கிறது, அதற்கு மேலே வெறும் கோட்டுப் பெட்டி, மூலையில் கிழிந்த படத்தின் சின்னம். பதினான்கு பக்கத்திலும் அதே பெட்டி. ஒரு கிழமையும் சோக்கட்டியால் கரும்பலகையில் கீறித்தான் படிப்பித்தேன். பிள்ளைகள் பொறுமையாகக் கொப்பியில் கீறிக்கொண்டார்கள், ஆனால் வால்வுகளை வடிவாகக் காட்ட முடியவில்லை என்ற கவலை இன்னும் இருக்கிறது.

காரணம் இதுதான். ‘கம்ப்ளீட்’ வகையில் எச்டிஎம்எல் கோப்புக்குள் படம் இல்லை, ‘படம் அந்தப் போல்டருக்குள் இருக்கிறது’ என்ற குறிப்பு மட்டும்தான் இருக்கிறது. கோப்பும் போல்டரும் பக்கத்தில் பக்கத்தில் இருக்க வேண்டும், போல்டரின் பெயரையும் மாற்றக்கூடாது. விண்டோஸுக்குள்ளேயே இழுத்து நகர்த்தும்போது அது இரண்டையும் சேர்த்தே நகர்த்தப் பார்க்கும், அதனால் பலருக்கு இந்தச் சிக்கல் வீட்டில் தெரியாது. போனுக்கு அனுப்பும்போதும் ஈமெயிலில் இணைக்கும்போதும்தான் தெரியும். ஆகவே வேறொருவருக்குக் கொடுப்பதற்கு ஒரே கோப்பாக இருக்கும் வகைதான் சரி.

சரியாகச் சேமித்தேனா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

டேட்டாவையும் வைபையையும் நிறுத்திவிட்டுத் திறந்து பாருங்கள். போனில் ஏரோபிளேன் மோட் போட்டால் போதும். இணைப்பு இருக்கும்போது திறந்து பார்ப்பதில் ஒரு பயனும் இல்லை. கோப்பில் இல்லாத படத்தை பிரவுசர் சத்தம் போடாமல் இணையத்திலிருந்து எடுத்துக் காட்டிவிடும், நீங்களும் எல்லாம் வந்துவிட்டது என்று நினைத்துவிடுவீர்கள். மேலே சொன்ன பதினான்கு பக்கங்களில் ஒன்றையாவது முதல் நாள் இரவு இப்படித் திறந்து பார்த்திருந்தால் எனக்கு அன்றே தெரிந்திருக்கும். இப்போது சனசமூக நிலையத்தில் யாருக்கு எடுத்துக் கொடுத்தாலும், இணைப்பைக் கழற்றிவிட்டு அவர் கண்முன்னே ஒருமுறை திறந்து காட்டாமல் அனுப்புவதில்லை.

திறந்ததும் கடைசி வரி வரைக்கும் இறங்கிப் பாருங்கள். மேல்பாதி மட்டும் வந்த பக்கங்கள் நிறைய.

அண்ட்ரொயிட் போனில் எப்படி?

குரோமில் பக்கம் முழுதாகத் திறந்த பிறகு, மேலே வலப்பக்கம் இருக்கும் மூன்று புள்ளியைத் தொடுங்கள். வரும் பட்டியலின் உச்சியில் கீழ்நோக்கிய அம்புக்குறி ஒன்று இருக்கும், அதைத் தொட்டால் சேமித்துவிடும். பிறகு அதே மூன்று புள்ளியில் ‘டவுன்லோட்ஸ்’ போனால் பக்கம் அங்கே இருக்கும். இவ்வளவுதான் வேலை. இணைப்பு இல்லாத நேரத்தில் ஒரு லிங்கைத் தொட்டால், டைனோசர் படத்தோடு வரும் பக்கத்தில், இணைப்பு வந்ததும் இறக்கி வை என்று சொல்வதற்கு ஒரு பொத்தானும் இருக்கும். பஸ்ஸில் போகும்போது அது நல்ல உதவி.

சில பக்கேஜ்களில் நள்ளிரவுக்குப் பிறகு தனியாக இரவு டேட்டா தருகிறார்கள். படங்கள் நிறைந்த பெரிய பக்கங்களை அந்த நேரத்துக்கு வைத்துக்கொண்டால் பகல் டேட்டா மிஞ்சும்.

ஐபோனில்?

சபாரியில் பகிரும் பொத்தானைத் தொட்டு ‘ரீடிங் லிஸ்ட்’டில் சேர்க்கலாம். ஆனால் சேர்த்தால் மட்டும் போதாது, அதை ஆஃப்லைனுக்குச் சேமிக்கவும் சொல்ல வேண்டும். செட்டிங்ஸில் சபாரிக்குள் போய், தானாகவே ஆஃப்லைனுக்குச் சேமி என்ற தெரிவை ஒருமுறை போட்டுவிட்டால் பிறகு கவலை இல்லை. கோப்பாக வேண்டும் என்றால் பக்கத்தை ஸ்கிரீன்ஷொட் எடுங்கள், ஓரத்தில் வரும் சின்னப் படத்தைத் தொட்டு, மேலே ‘ஃபுல் பேஜ்’ என்பதைத் தெரிவு செய்தால் முழுப் பக்கமும் பிடிஎஃபாக வரும்.

நண்பர் அனுப்பிய எம்எச்டிஎம்எல் கோப்பு எனக்குத் திறக்கவில்லையே?

நீங்கள் பயர்பொக்ஸில் திறக்கப் பார்த்திருப்பீர்கள், அல்லது ஐபோனில். பயர்பொக்ஸ் அந்த வகையைத் திறக்காது. முன்பு அதற்கென்று சில நீட்சிகள், அதாவது பிரவுசரோடு சேர்க்கும் சின்ன மென்பொருள்கள், இருந்தன, 2017இல் பயர்பொக்ஸ் தன் நீட்சி முறையை மாற்றியபோது அவை நின்றுபோயின. சபாரிக்கு வெப்ஆர்க்கைவ் என்று தன் சொந்த வகை இருக்கிறது, அது மற்ற பிரவுசர்களில் திறக்காது. கம்பியூட்டர் என்றால் குரோமிலோ எட்ஜிலோ திறங்கள், கோப்பை அந்த ஜன்னலுக்குள் இழுத்துப் போட்டாலே போதும்.

எல்லா இடத்திலும் திறக்க வேண்டும் என்றால் அடுத்த கேள்விக்கு வாருங்கள்.

எந்த பிரவுசரிலும் திறக்கக்கூடிய ஒரே கோப்பாக எடுக்க வழி இருக்கிறதா?

இருக்கிறது, நான் அதிகம் பாவிப்பதும் அதுதான். ‘சிங்கிள்ஃபைல்’ என்று ஒரு இலவச நீட்சி. குரோமின் ‘சிங்கிள் பைல்’ வகை வேறு, இது வேறு. குரோம், எட்ஜ், பயர்பொக்ஸ் எல்லாவற்றுக்கும் உண்டு, அண்ட்ரொயிட் போனில் உள்ள பயர்பொக்ஸிலும் வேலை செய்யும். போட்டுவிட்டால் பிரவுசரின் மேல் ஓரத்தில் ஒரு சின்னம் வந்து உட்காரும். பக்கத்தைத் திறந்து அதை ஒருமுறை சொடுக்கினால் சாதாரண எச்டிஎம்எல் கோப்பு ஒன்று இறங்கும். படங்கள் எல்லாம் எழுத்துகளாக மாற்றப்பட்டு அந்தக் கோப்புக்குள்ளேயே இருக்கும். அப்படி மாற்றும்போது மூன்று பைட் (கோப்பின் அளவை அளக்கும் சின்ன அலகு) நான்கு எழுத்தாகிறது, அதனால் படங்களின் அளவு மூன்றில் ஒரு பங்கு கூடும். அது ஒரு பெரிய விஷயமில்லை. வாட்ஸப்பில் அனுப்பலாம், பென்டிரைவில் போடலாம், பத்து வருடம் கழித்தும் ஏதோ ஒரு பிரவுசர் அதைத் திறக்கும் என்று நம்பிக்கையாகச் சொல்லலாம்.

பேசாமல் பிடிஎஃப் ஆக்கிவிடலாமே?

கன்ட்ரோலோடு பி அழுத்தி, பிரின்டருக்குப் பதிலாக ‘சேவ் அஸ் பிடிஎஃப்’ கொடுத்தால் வந்துவிடும். அச்சடிக்கப் போகிறீர்கள், கொமினிகேஷன் கடையில் கொடுத்துப் பிரின்ட் எடுக்கப் போகிறீர்கள், அல்லது போன் அதிகம் பழகாத பெரியவருக்கு அனுப்பப் போகிறீர்கள் என்றால் பிடிஎஃப்தான் நல்லது. எந்தப் போனிலும் தொட்டவுடன் திறக்கும்.

ஆனால் தமிழில் ஒரு சிக்கல் இருக்கிறது, இதைத் தெரிந்து வைத்திருங்கள். பிடிஎஃபுக்குள் போன தமிழ் கண்ணுக்கு அழகாகத் தெரியும், தேடும்போதும் கொப்பி பண்ணும்போதும்தான் பல நேரம் குழம்பும். கெ, கே, கொ போன்ற எழுத்துகளில் கொம்பு முன்னால் வருகிறதல்லவா, பிடிஎஃப் எழுத்துகளைக் கண்ணுக்குத் தெரியும் ஒழுங்கில் வைப்பதால் வெளியே எடுக்கும்போது கொம்பு ஒரு பக்கமும் எழுத்து ஒரு பக்கமுமாக வரும். ‘கோவில்’ என்று தேடினால் கிடைக்காது, ஆனால் பக்கத்தில் நாலு இடத்தில் கோவில் இருக்கும். ஆகவே பிறகு தேடவோ, மேற்கோளாக எடுக்கவோ, பாடக் குறிப்பில் ஒட்டவோ வேண்டிய எதையும் எச்டிஎம்எல்லாக வையுங்கள். நான் முக்கியமானவற்றை இரண்டு வகையிலும் வைக்கிறேன்.

சேமித்த பக்கத்தைத் திறந்தால் தமிழுக்குப் பதிலாக ஏதோ ஆங்கில எழுத்துகளும் குறிகளும் வருகின்றன. கோப்பு பழுதா?

பெரும்பாலும் பழுதில்லை. இரண்டு காரணம் இருக்கலாம்.

முதலாவது, பக்கம் யுனிகோட் தமிழில்தான், அதாவது இன்று எல்லாக் கருவிகளும் பாவிக்கும் பொது எழுத்து முறையில்தான் இருக்கிறது, ஆனால் அது யுனிகோட் என்ற தகவலைத் தளத்தின் சேர்வர்தான் (தளம் வைக்கப்பட்டிருக்கும் கம்பியூட்டர்) பிரவுசருக்குச் சொல்லிக்கொண்டிருந்தது, கோப்புக்குள் எழுதப்படவில்லை. கோப்பாக வந்த பிறகு சொல்ல ஆள் இல்லை, பிரவுசர் தானாக ஊகித்துப் பிழையாக ஊகிக்கிறது. பயர்பொக்ஸில் திறந்து, ‘வியூ’ மெனுவில் ‘ரிப்பெயர் டெக்ஸ்ட் என்கோடிங்’ கொடுத்துப் பாருங்கள், பெரும்பாலும் சரியாகிவிடும்.

இரண்டாவது, பக்கம் பழையது. யுனிகோட் பரவுவதற்கு முன்னர் எங்கள் ஊர்களில் பாமினி எழுத்துருவில் எழுதிக் குவித்தார்கள். அதில் உண்மையில் கோப்புக்குள் இருப்பது ஆங்கில எழுத்துகள்தான், பாமினி எழுத்துரு அவற்றின் மேல் தமிழ் வடிவத்தைப் போர்த்திக் காட்டியது. அந்த எழுத்துரு உங்கள் கம்பியூட்டரில் இல்லையென்றால் போர்வை இல்லை. பாமினியை நிறுவினால் படிக்கலாம். ஆனால் அதைவிட நல்லது, இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் எழுத்துரு மாற்றியில் அந்த எழுத்துகளை ஒட்டி யுனிகோடாக மாற்றி, மூலக் கோப்பையும் மாற்றியதையும் சேர்த்தே வைப்பது. தேடுபொறியிலும் அகப்படாமல் கிடக்கும் பழைய கட்டுரைகள் இப்படித்தான் மீள வருகின்றன, இந்த வேலையைச் செய்கிற ஒவ்வொருவருக்கும் நான் நன்றி சொல்வேன்.

கோப்பின் பெயர் மிக நீளம் என்று கொப்பி பண்ண விடுகிறதில்லை. என்ன செய்வது?

பெயரைச் சுருக்குங்கள். பிரவுசர் பக்கத்தின் தலைப்பையே கோப்பின் பெயராக வைக்கும், எங்கள் செய்தித் தலைப்புகளோ ஒரு பந்தி நீளம். அண்ட்ரொயிடிலும் லினக்ஸிலும் ஒரு பெயர் 255 பைட்டுக்கு மேல் போக ஏலாது. ஆங்கிலத்தில் அது 255 எழுத்து. தமிழில் ஒவ்வொரு எழுத்தும், ஒவ்வொரு புள்ளியும், ஒவ்வொரு கொம்பும் மூன்று மூன்று பைட். ‘யாழ்ப்பாணத்தில்’ என்ற ஒரு சொல்லே 45 பைட், இப்படி ஆறு சொல் வந்தால் எல்லை தாண்டிவிடும்.

நான் முன்னால் திகதியையும் பின்னால் இரண்டு சொல்லையும் வைக்கிறேன். 2025-03-14 இதயம் படங்கள், இப்படி. வருடம் முதலில் வந்தால் பட்டியல் தானாகவே காலவரிசையில் அடுக்கி நிற்கும்.

சேமித்ததைத் திறந்தால் ஒரு நொடி தெரிந்துவிட்டு வெள்ளையாகிவிடுகிறது.

இன்றைய பல பக்கங்கள் வெறும் எழுத்தும் படமும் அல்ல, உள்ளே ஓடும் ஜாவாஸ்கிரிப்ட் என்ற நிரல்தான் பக்கத்தைக் கட்டுகிறது. ‘கம்ப்ளீட்’ வகையில் அந்த ஸ்கிரிப்டும் சேர்ந்து வருகிறது, திறந்தவுடன் மறுபடி ஓடி, சேர்வரைத் தேடி, கிடைக்காமல் எல்லாவற்றையும் அழித்துவிடுகிறது. எம்எச்டிஎம்எல்லில் குரோம் ஸ்கிரிப்டை ஓட விடாது, ‘சிங்கிள்ஃபைல்’ நீட்சி அதை நீக்கிவிட்டே சேமிக்கும். இரண்டில் ஒன்றைப் பாவியுங்கள்.

படங்களில் பாதிதான் வந்திருக்கிறது.

சேமிப்பதற்கு முன் பக்கத்தின் அடிவரை மெதுவாக இறங்கிப் பார்த்தீர்களா? டேட்டாவை மிச்சப்படுத்துவதற்காகப் பல தளங்கள் நீங்கள் இறங்க இறங்கத்தான் படத்தை இறக்கும். நீங்கள் பார்க்காத படம் பிரவுசரிடமும் இல்லை. ‘மேலும் வாசிக்க’ என்ற பொத்தான்கள் இருந்தால் அவற்றையும் முதலில் தொட்டு விரித்துவிடுங்கள்.

வீடியோவும் வருமா?

வராது. யூடியூப் வீடியோவை அந்த அப்பிலேயே ஆஃப்லைனுக்கு வைக்கும் வழியில் வைத்துக்கொள்ளுங்கள்.

மரண அறிவித்தல் பக்கம் ஒன்றைக் காலாகாலத்துக்கும் வைத்திருக்க வேண்டும். எப்படி வைப்பது?

இதை அடிக்கடி கேட்கிறார்கள். கேட்கிறவர் முகத்தைப் பார்த்தால் இது வெறும் கோப்பு விஷயம் இல்லை என்று விளங்கும். எங்கள் சனத்தில் பாதிப்பேர் கடலுக்கு அப்பால் இருக்கிறார்கள், செத்தவீட்டுக்கு வர முடியாதவருக்கு அந்த இணையப் பக்கம்தான் கடைசி முகம்.

கனடாவிலிருந்து வந்த ஒரு ஐயா, தன் தகப்பனாரின் அந்தியேட்டி அழைப்பும் நினைவஞ்சலியும் வந்த பக்கத்தைத் தேடித் தரச் சொன்னார். முகவரியை டயரியில் பேனையால் வடிவாக எழுதி வைத்திருந்தார், ஒரு புள்ளிகூடப் பிசகவில்லை. அந்தத் தளம் இப்போது இல்லை. இணையக் காப்பகத்தில் தேடினோம். எழுத்து கிடைத்தது: பிறந்த ஊர், வாழ்ந்த ஊர், பிள்ளைகளின் பெயர்கள், கண்ணீர்க் கவிதை நான்கு வரி. படம் இருந்த இடம் மட்டும் வெறுமை. அவர் நெடுநேரம் அந்த வெறுமையையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் படத்தின் வேறு பிரதி அவர் வீட்டில் இல்லையாம்.

ஆகவே பக்கம் உயிரோடு இருக்கும்போதே செய்யுங்கள். அடிவரை இறங்கி, அனுதாபச் செய்திகளை எல்லாம் விரித்து, ‘சிங்கிள்ஃபைல்’ மூலம் ஒன்று, பிடிஎஃபாக ஒன்று எடுங்கள். படத்தைத் தனியாகவும் எடுங்கள். பக்கத்தில் தெரிவது பெரும்பாலும் சிறுத்த படம், அதைத் தொட்டால் பெரிய படம் திறக்கும், அதைச் சேமியுங்கள். பிறகு மூன்று இடத்தில் வையுங்கள்: உங்கள் போனில், ஒரு பென்டிரைவில், வெளியூரில் இருக்கும் சகோதரம் ஒருவரின் ஈமெயிலில். பென்டிரைவ் ஒன்றை மட்டும் நம்பி வைக்காதீர்கள், லாச்சிக்குள் வருடக்கணக்கில் கிடந்தது ஒரு நாள் ஒன்றும் காட்டாது.

இணையக் காப்பகம் என்கிறீர்களே, அது என்ன?

இன்டர்நெட் ஆர்க்கைவ் என்ற அமெரிக்க நிறுவனம், இலாப நோக்கமில்லாதது, 1996இல் தொடங்கியது. உலகத்து இணையப் பக்கங்களைப் பிரதி எடுத்து வைக்கிறது. 2001இலிருந்து ‘வேபேக் மெஷின்’ என்ற பெயரில் எவரும் அதில் தேடலாம். செத்துப்போன பக்கத்தின் முகவரியை அங்கே போட்டால், எந்தெந்த நாளில் பிரதி எடுத்திருக்கிறார்கள் என்று ஒரு நாட்காட்டி வரும், திகதியைத் தொட்டால் அன்றைய பக்கம் திறக்கும். அதே முகப்பில் ‘சேவ் பேஜ் நவ்’ என்ற பெட்டியில் முகவரியைக் கொடுத்தால் உடனே ஒரு பிரதி எடுக்கும். காசு இல்லை, கணக்கும் தேவையில்லை.

ஆனால் அதை மட்டும் நம்பவும் கூடாது. 2024 ஒக்டோபரில் அந்தத் தளமே தாக்குதலுக்குள்ளாகிச் சில நாட்கள் திறக்கவில்லை. கூகுள் தேடலில் முன்பு இருந்த பழைய பிரதி காட்டும் வசதியை 2024இல் எடுத்துவிட்டார்கள். பக்கங்களைச் சேமித்து வைக்க உலகமெங்கும் பாவித்த பொக்கெட் என்ற சேவையை 2025 ஜூலையில் மூடினார்கள். உங்கள் கையில் ஒரு பிரதி இருக்கட்டும்.

ஒரு தளம் முழுவதையும் எடுக்கலாமா? விக்கிப்பீடியா முழுவதும்?

விக்கிப்பீடியாவுக்குப் பக்கம் பக்கமாகச் சேமித்துக் கஷ்டப்பட வேண்டாம். ‘கிவிக்ஸ்’ என்று ஒரு இலவச அப் இருக்கிறது, 2007இலிருந்து வருகிறது. 2003இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவின் கட்டுரைகளை எல்லாம் ஒரே கோப்பாக இறக்கி, இணைப்பே இல்லாமல் தேடிப் படிக்கலாம். படங்களோடு உள்ளது பெரியது, படமில்லாதது சிறியது, போனில் உள்ள இடத்தைப் பார்த்து எடுங்கள். நான்கு ஜிபியைத் தாண்டும் கோப்பு பழைய பென்டிரைவில் ஏறாமல் போகலாம். பென்டிரைவ் ‘ஃபட்32’ முறையில் இருப்பதுதான் காரணம், ‘எக்ஸ்ஃபட்’டுக்கு ஃபோர்மட் செய்தால் ஏறும். ஃபோர்மட் செய்தால் உள்ளே இருப்பதெல்லாம் அழியும், முதலில் வேறிடத்துக்கு எடுத்துவிடுங்கள்.

கிவிக்ஸில் எனக்கு மிகவும் பிடித்தது, ஒரு போனில் உள்ள கோப்பை ஹொட்ஸ்பொட் மூலம் பக்கத்தில் இருப்பவர்களுக்கும் திறந்துவிடலாம். ஒருவரிடம் கோப்பு இருந்தால் வகுப்பே படிக்கும், ஒருவருக்கும் டேட்டா போகாது. தீவுப்பகுதிப் பள்ளிக்கூடங்களில் படிப்பிக்கும் ரீச்சர்மார் இதை ஒருமுறை செய்து பார்க்க வேண்டும் என்று மனதார விரும்புகிறேன்.

வேறு தளங்களுக்கு ‘எச்டிடிராக்’ போன்ற மென்பொருள்கள் உண்டு. சின்னத் தளத்தை வேகமாக உறிஞ்சினால் அதன் சேர்வர் திணறும், வேகத்தைக் குறைத்து வையுங்கள், தேவையான பகுதியை மட்டும் எடுங்கள்.

பழைய ஈழத்துப் புத்தகங்கள், சஞ்சிகைகளையும் இப்படித்தான் எடுக்க வேண்டுமா?

இல்லை. 2005இலிருந்து இயங்கும் ‘நூலகம்’ என்ற இணையத் தளத்தில் ஆயிரக்கணக்கானவை பிடிஎஃபாகவே இருக்கின்றன, நேரடியாக இறக்கிக்கொள்ளலாம். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் போயின, அவற்றுள் வேறெங்கும் பிரதி இல்லாத ஓலைச்சுவடிகளும் இருந்தன. அதனால்தான் நூலகம் போன்ற வேலையைப் பார்க்கும்போது எனக்கு நெஞ்சு நிறைகிறது. உங்கள் வீட்டுப் பரணில் பழைய பாடசாலை மலரோ கோவில் கும்பாபிஷேக மலரோ கிடந்தால் அவர்களோடு கதையுங்கள்.

கொமினிகேஷன் கடைக் கம்பியூட்டரில் சேமிக்கலாமா?

பொதுவான பக்கம் என்றால் தாராளமாக. பெறுபேற்றுப் பக்கம், வங்கிப் பக்கம், அடையாள அட்டை இலக்கம் தெரியும் எதுவும் வேண்டாம். சேமித்த கோப்பைத் திறக்கக் கடவுச்சொல் தேவையில்லை என்பதை நினைவில் வையுங்கள். நீங்கள் உள்ளே நுழைந்து பார்த்தது எல்லாம் அந்தக் கோப்பில் அப்படியே இருக்கும், அடுத்து வந்து உட்காருகிறவர் ‘டவுன்லோட்ஸ்’ போல்டரைத் திறந்தால் போதும். வேறு வழியில்லை என்றால் பென்டிரைவுக்கு நேராகச் சேமித்து, ‘டவுன்லோட்ஸ்’ஸையும் ரீசைக்கிள் பின்னையும் பார்த்துவிட்டு எழும்புங்கள்.

சேமித்ததை மற்றவர்களுக்குக் கொடுத்தால் பிழையா?

உங்கள் படிப்புக்கு வைத்திருப்பதிலும், பக்கத்தில் படிக்கும் பிள்ளைக்குக் காட்டுவதிலும் ஒருவரும் குறை சொல்லப்போவதில்லை. ஒருவர் எழுதியதை எடுத்து உங்கள் பக்கத்தில் உங்கள் பெயரில் போடுவது திருட்டு.

ஒரு வருடம் கழித்து இது எங்கே எடுத்தது, எப்போது எடுத்தது என்று மறந்துவிடுகிறதே?

பல நேரம் கோப்பே அதைச் சொல்லும். குரோமில் ‘கம்ப்ளீட்’ வகையில் சேமித்த எச்டிஎம்எல் கோப்பை நோட்பேடில் திறந்து முதல் சில வரிகளைப் பாருங்கள், எந்த முகவரியிலிருந்து சேமித்தது என்று எழுதியிருக்கும். ‘சிங்கிள்ஃபைல்’ கோப்பிலும் எம்எச்டிஎம்எல்லிலும் முகவரியோடு திகதியும் நேரமும் இருக்கும். ஒப்படைக்குக் குறிப்பு எழுதும் பிள்ளைகளுக்கு இது பெரிய உதவி.

சேமித்த பக்கம் பிறகு தானாகப் புதுப்பிக்குமா?

புதுப்பிக்காது. நீங்கள் எடுத்த அந்த நேரத்தில் எப்படி இருந்ததோ அப்படியே நிற்கும். பாடக் குறிப்புக்கு அது நல்லது, பஸ் நேரத்துக்கு நல்லதல்ல. படகு நேரம், ரயில் நேரம், பரீட்சை அட்டவணை, வர்த்தமானியில் வந்த விண்ணப்ப முடிவுத் திகதி ஆகியவற்றைச் சேமித்து வைத்திருந்தால், பாவிக்கும் நாளுக்கு முதல் நாள் இணைப்பு உள்ள இடத்தில் நின்று ஒருமுறை புதிதாகத் திறந்து பாருங்கள், மாறியிருந்தால் பழையதை உடனே அழித்துவிடுங்கள். கடல் கொந்தளித்தால் படகு போகாது, அந்தச் செய்தி எந்தச் சேமித்த பக்கத்திலும் இருக்காது. காலமை தெரிந்தவர் ஒருவருக்குப் போன் அடித்துக் கேட்டுவிட்டுக் குறிகட்டுவானுக்குப் போங்கள்.